அரை நொடித் தாமதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். மூட்டுவலி தேவலையா? அக்காவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

ஞாயிறன்று போனில் "எப்பப்பா வருவே?" என்று கேட்டுவிட்டு, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று பதறினீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் நிலையத்தின் டிஷ்ஷிலிருந்து பேச்சு சாட்டிலைட்டுக்கு ஏறி இறங்கித்தான் உங்களை எட்டும். கேள்வி வந்து பதில் போய்ச் சேர அரை நொடி பிடிக்கும்.

மீதி நேரம் எனக்குத்தான் வாய் வரவில்லை. மாற்று ஆள் இல்லையென்று இந்த வருடமும் லீவு கிடையாதாம். "அடுத்த வருஷமும் சொல்ல முடியாது" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் வந்தபிறகுதான் கண் ஆபரேஷன் என்று இனிமேல் காத்திருக்காதீர்கள். அக்காவோடு போய்ச் செய்துகொள்ளுங்கள்.

கருவிகளுக்காக அறையைக் குளிரவைக்கிறார்கள். உங்கள் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

ஷிப்டு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்