கடை இன்னும் பூட்டவில்லையா

வெள்ளவத்தை
13.09.2025, சனிக்கிழமை

அன்புள்ள றஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிம்றாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ பயந்திருப்பாய். நீ கோல் எடுக்கும்போதெல்லாம் அவள் என் மடியில் இருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. கீழ் மாடி ஷிம்னா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறா. அவ கையில் கொடுத்துவிடுகிறேன்.

நிம்றா மொண்டிசூரியில் பிள்ளைகளைக் கடிக்கிறாள். ஆறு வாரத்தில் நான்கு தடவை. நீ அங்கே வேலையில் நிம்மதியாக இருக்கவேண்டும் என்று உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மூன்று தடவை ஒரே பையனைக் கடித்திருக்கிறாள். பெயர் ஆரூரன். கடைசியாகக் கடித்தது கடந்த புதன்கிழமை, கன்னத்தில். தோல் பிய்ந்துவிட்டது. அன்று பின்னேரமே அவனுடைய தகப்பன் சயந்தன் மூன்று மாடியும் ஏறி வந்தார். வழக்குப் பேசுகிற லோயர், ஆனால் சத்தம் போடவில்லை. உங்கட பிள்ளைக்கு நாலு வயசு, அவவில எனக்குக் கோபமில்லை, ஆனா இன்னொருக்கா நடந்தா ஒண்டில் அவ போகவேணும், இல்லாட்டி என்ர மகன் போவான் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கேட்டு என்ன செய்ய, நீங்களா கடிச்சனீங்கள் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஒன்பது பெற்றோர் கையெழுத்து வைத்த கடிதம் றேணுகா டீச்சரிடம் போனது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒருநாள் பாப்பம், திரும்பவும் நடந்தா நானே நிப்பாட்டவேண்டி வரும் என்றார். சொல்லும்போது அவருக்கும் முகம் சரியில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் பழக்கினேன். சாமானைப் பங்குபோட்டு விளையாடப் பழக்கினேன். ஒருதடவை அடித்தேன், அதையும் உனக்குச் சொல்லவில்லை. உம்மா பக்கத்தில இல்லாத புள்ள அப்படித்தான் ஈக்கும் என்று என் கூடப்பிறந்த ராத்தாவே சொன்னா. எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவவோடு பேசவில்லை.

விளங்காத விஷயம் இதுதான். டீச்சர் சொல்கிறபடி, அவளுக்குப் பங்குபோடத் தெரியும். சறுக்கலில் தன் முறை வரும்வரை நிற்கிறாள். அழுகிற பிள்ளைக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கிறாள். காலை முழுக்க வகுப்பிலேயே நல்ல பிள்ளை அவள்தான்.

எனக்குத் தெரிந்தது நேரம் எழுதுகிற வேலை. ஒருகொடவத்தை யார்டில் எந்தக் கொண்டெய்னர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பதினொரு வருடமாக எழுதுகிறேன். நேற்று டீச்சரிடம் நான்கு தடவையும் எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். நான்கும் பன்னிரண்டு மணியை ஒட்டித்தான். வீட்டார் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நேரம். ஆரூரனைத்தான் பெரும்பாலும் முதலில் கூப்பிட வருவார்களாம்.

டீச்சர் தாளைக் கனநேரம் பார்த்தார். பிறகு, உங்கட வீட்டில ஆரும் இவவுக்குச் சொல்லாமல் போனவையோ என்று கேட்டார்.

பெப்ரவரி ஒன்பதாம் தேதி பகல் ஒன்று நாற்பதுக்கு நீ பேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். அவள் தூக்கத்தில் இருந்தாள். நான்கு மணிக்கு எழும்பி, உம்மா எங்க என்று கேட்டாள். கடைக்குப் போயிருக்கிறா, இப்ப வருவா என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் பகலில் தூங்கியதில்லை. வயது அப்படி என்று நினைத்திருந்தேன். ஏப்ரலில் ஒருநாள் போனில் உன்னிடம், கடை இன்னம் பூட்டல்லயா என்று கேட்டாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, றஸ்மியா.

நாளைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். டீச்சர் சொல்லச் சொல்கிறார். திங்கட்கிழமைக்கு ஒருநாள் இருக்கும்போது சொல்வது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, பின்னேரம்

நேற்றுப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். உம்மா கடைக்குப் போகல்ல, பிளேனில வேலைக்குப் போன, வாப்பாதான் பொய் சொன்ன என்றேன். அவள் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். நான் கையை இழுக்கவில்லை. வாயை எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உம்மா என்னை எழுப்பினாவா?

இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நேற்று நீ எடுத்தபோதும் போனுக்கு வரவில்லை. தடிமன், மூக்கு வடிகிறது, படுத்திருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய். உனக்கு நான் சொன்ன கடைசிப் பொய்யாக அது இருக்கட்டும்.

இன்று லீவு போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கே மொண்டிசூரி கேட்டுக்கு எதிரில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். டீச்சர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பேக்கை எடுத்துக் கொடுத்து, போயிட்டு வாங்க என்று சொல்லவேண்டும். பல்லுக் கடிக்க வந்தா என்ர கையை இறுக்கிப் பிடியுங்கோ என்றும் சொல்லி வைத்திருந்தார்.

முதலில் வந்தது சயந்தன்தான். தெஹிவளையில் வேறொரு மொண்டிசூரியில் மகனுக்கு இடம் பேசிவைத்துவிட்டார் என்று டீச்சர் காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். நிம்றா ஆரூரனின் பேக்கைக் கொண்டுவந்தாள். அவன் கையை நீட்டினான். இவள் பட்டியை விடவில்லை. சயந்தன் மகனின் தோளில் கையை வைத்துத் தன் பக்கம் இழுத்தார். அவன் கன்னத்துப் பிளாஸ்டர் எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றே தெரிந்தது. நிம்றா வாயைத் திறந்தாள். நான் ரோட்டில் காலை வைத்துவிட்டேன்.

நாளைக்கு வருவியா என்று கேட்டாள்.

பையன் தகப்பனைப் பார்த்தான். சயந்தன் டீச்சரைப் பார்த்தார், பிறகு ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தார். ஓம், வருவான் என்றார். இவள் அப்போதும் பட்டியை விடவில்லை. நெசமாவா, இல்லாட்டி கடைக்குப் போறீங்களா என்று அவரிடமே கேட்டாள். அந்த மனிதர் அவள் முன்னால் குந்தியிருந்து, நெசம்தான் பிள்ளை, எட்டு மணிக்கு வருவான் என்றார்.

அவள் பேக்கைக் கொடுத்தாள்.

பிறகு பதினொரு பிள்ளைகள் போனார்கள். ஏழாவது பிள்ளை போகும்போது டீச்சரின் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்த இடத்தை அவர் எனக்குக் காட்டினார். ஒருநாளில் எல்லாம் சரியாகிவிடாது, மாதம் முடியும்வரை பார்ப்போம் என்றார். நாளைக்கு எட்டு மணிக்கு ஆரூரன் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போது நிம்றா பக்கத்தில் தூங்குகிறாள். பகல் தூக்கம்.

டிசம்பரில் நீ இருபத்தொரு நாள் லீவில் வருகிறாய். திரும்பிப் போகிற அன்று நீயே அவளை முன்னால் இருத்தி, எங்கே போகிறாய், எத்தனை மாதத்தில் வருவாய் என்று சொல்லவேண்டும். நெசமாவா என்று உன்னிடமும் கேட்பாள். அழுவாள், கடித்தாலும் கடிப்பாள்.

பெப்ரவரியில் அவள் அழுதால் நீ படி இறங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று அவளுக்கு நேரத்தோடு சோறு ஊட்டித் தூங்கவைத்தேன். இந்தமுறை தூங்கவைக்கமாட்டேன். அவள் விழித்திருப்பாள், நானும் அவள் பக்கத்தில் நிற்பேன். அதற்குப் பிறகும் உன்னால் போகமுடிந்தால், அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

உன்
நிலாம்