இறைச்சி மேசையில் நான் சொன்ன சொல்

அன்புள்ள கர்ட்டிஸுக்கு,

உன் அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய ஜப்பான் தேயிலை வந்து சேர்ந்தது, அப்பாவுக்கு அது புல் நனைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறதாம், நான்தான் குடிக்கிறேன். இங்கே அயோவாக் குளிர் தெரியாதா உனக்கு, கன்றுக்குட்டிகளின் தண்ணீர்த் தொட்டி தினமும் உறைந்துபோகிறது, அப்பா கோடாலியோடு போய் உடைத்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார். சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் பார்சலில் மான் கொம்போடு அப்பா நிற்கும் போட்டோ வைத்தேனே, அதை உன் படுக்கைக்கு மேலே ஒட்டி, நான் வாங்கிக் கொடுத்த துப்பாக்கிக் குழலில் அப்பா சுட்டது என்று எல்லாரிடமும் காட்டுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மானை உன் அப்பா சுடவில்லை. அது எமெட் மாமா சுட்டது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உள்ளே மரை வெட்டிய அந்தப் புதுக் குழல் வந்த நாளிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பழைய குழலைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார், இதை மாட்டினார், மேலே தொலைநோக்கியைப் பொருத்தினார், குளத்துக்கு அக்கரையில் பலகையை நிறுத்திச் சுட்டார். நீ எழுதியது உண்மைதான், ஓட்டைகள் எல்லாம் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு தீவனக் கடைக்கே போய்விட்டார், மாப்பிள்ளை ஊர்வலம்தான் பாக்கி. பக்கத்துப் பண்ணை எமெட் மாமாவின் துப்பாக்கியை உள்ளே மரை இல்லாததால் வாய்க்கு வாய் மொட்டைக் குழல் என்று கிண்டல் செய்தார். “எமெட், அந்தக் கூரைத் தண்ணிக் குழாயத் தூக்கிப் போட்டுட்டு என்னுது மாதிரி ஒண்ணு வாங்குங்க”ன்னு அப்பா சொல்ல, மாமா, “நிக்கிற பலகைய சுட்டுட்டு இந்தக் குதி குதிக்கிறியே வெர்லின், மான் உனக்காக நிக்குமா? ஓடுறதுக்கு மொட்டைதான்டா சரி, ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கிட்டு சுடலாம்”னு திருப்பிக் கொடுத்தார். நம் ஆட்களின் வேட்டை எப்படி என்று உனக்குத் தெரியும், பாதிப் பேர் ஓடைக்காட்டுக்குள் இறங்கிக் கலைப்பார்கள், மீதிப் பேர் வெளியே வரும் மானுக்காக நிற்பார்கள், அது புதருக்குப் புதர் பறக்கும். அந்தத் தொலைநோக்கிக்குள் கிட்டத்தில் ஓடும் மான் வெறும் மயிராகவும் குச்சியாகவும்தான் தெரிந்ததாம். பருவம் முழுக்க அப்பா சுட்டார், ஒன்றும் விழவில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் குழல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய், அவரும் பிரமாதம் பிரமாதம் என்றார். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, ஆசையாக வாங்கி அனுப்பியவன் கேட்கத்தானே செய்வான்.

கடைசி நாள் வேலி மூலையில் அப்பாவும் மாமாவும் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தார்கள், அந்தக் கொம்பு மான் இருவருக்கும் நடுவே வந்தது, இரண்டு துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடித்தன, மான் உருண்டது. உடம்பில் குண்டு பட்டது ஒரே இடம். “என்னுது, என்னுது”ன்னு உன் அப்பா முந்திக்கொண்டார். மாமா சண்டை போடவில்லை. “ஆர்லிஸ் பாத்துச் சொல்லட்டும்”னு மட்டும் சொன்னாராம். நம் கூட்டத்தில் கறி எல்லாருக்கும் பங்கு, கொம்பு மட்டும் வீழ்த்தியவனுக்கு. யார் வீழ்த்தியது என்று வழக்கு வந்தால் கறி வெட்டும் நான்தான் தீர்ப்பு. என் மேசையில் நான் சொன்னதை இதுவரை ஒருத்தரும் மறுத்ததில்லை, உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு கர்வமே உண்டு, இருந்தது.

இந்த முறை உன் அப்பா என்னைக் கூப்பிடாமல் கொட்டகையில் தனியாகவே தோலை உரித்தார், உரித்த கையோடு தோலைத் தோல் வாங்கும் கையுறைக்காரரிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிவந்து எனக்கே நீட்டினார். தோலில் குண்டு வெளியேறிய ஓட்டை இல்லாததை மறைக்கத்தான் இது என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுத்த நாள் அப்பாவின் துணியைத் துவைக்கும்போது மெஷினுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. கையை விட்டு எடுத்தால், காளான் மாதிரி விரிந்த ஒரு ஈயக் கட்டி, நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. உன் அப்பா சுடுவது நீ அனுப்பிய செம்பு போட்ட ஒல்லிக் குண்டு. மொட்டைக் குழலில் போடுகிற தடித்த ஈயம் எமெட் மாமாவுடையது மட்டும்தான். கையில் வைத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நின்றேன். குண்டு மானின் மறுபக்கத் தோலை ஒட்டி உள்ளேயே நின்றிருந்ததாம், உரிக்கும்போது எடுத்துச் சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டாராம். “பையன் ஆசையா வாங்கிக் குடுத்தான், ஒவ்வொரு தடவையும் கேக்கறான், ஒண்ணுமே விழலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது”ன்னார். அவர் மேல் வந்த கோபம் அந்தப் பேச்சில் பாதியாகிவிட்டது. அதுதான் நான் சறுக்கிய இடம்.

கறி வெட்டுகிற அன்று எல்லாரும் நம் அடுப்படியில் கூடினார்கள். எமெட் மாமாவோடு டெல்ஃபா அத்தையும் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள், புருஷன் பக்கத்திலேயே நின்றாள். நான் விலாவை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள்தான் என் முகத்தைப் பார்த்து, “என்ன ஆர்லிஸ், என்ன குண்டு கெடைச்சுது?”ன்னு கேட்டாள். உன் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியைக் கழுவினார், காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த ஈயம் என் ஏப்ரன் பையில்தான் கிடந்தது. நான், “குண்டு ஒண்ணும் இல்ல, தொளச்சுட்டு வெளிய போயிருச்சு”ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. எமெட் மாமா தலையை ஆட்டி, “அப்ப வெர்லினோடதுதான். என் ஈயம்னா உள்ளயே நின்னுரும்”னார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார் கர்ட்டிஸ். நான் தலை நிமிராமல் கறியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இதோடு போயிருந்தால் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ, என்னை நானே இப்போது நம்புவதில்லை. போன வாரம் மாமா தன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். டெல்ஃபா காரை ஓட்டி வந்திருந்தாள். “கர்ட்டிஸ் வந்தா குடும்மா. அவ்வளவு கிட்டத்துல தப்பவிட்டேன்னா துப்பாக்கி மேல குத்தம் இல்ல, கண்ணு போயிருச்சு. கார் சாவியவும் இவகிட்டக் குடுத்துட்டேன், யாரு மேலயாச்சும் ஏத்தித் தொலைச்சா?”ன்னு சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அந்தத் துப்பாக்கி உன் அறை மூலையில் நிற்கிறது. அந்தப் பக்கம் பெருக்கப்போனால்கூட எனக்குக் கூசுகிறது.

இதுவரை காலையில் எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு அப்பாவிடம் நான் போகிறேன் என்றேன். தடுக்கவில்லை. கொம்பைச் சுவரிலிருந்து இறக்கி டிரக்கின் பின்னால் வைத்தார், கூடவே வந்தார், ஆனால் அவர்கள் வாசலில் இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் கையோடு எடுத்துப்போன மாமாவின் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்து, ஈயத்தை அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, தெரிந்தே என்ன சொன்னேன் எல்லாம் சொன்னேன். மாமா அதை எடுத்து விரலால் தடவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். “டெல்ஃபா, நான் தப்பவிடலடி”ன்னார். மறுபடியும் அதையே சொன்னார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, இத்தனை நாள் அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தவள் நான்தானே. டெல்ஃபா, “உன் மூஞ்சியப் பாத்துத்தான ஆர்லிஸ் கேட்டேன்”னு மட்டும் சொல்லிவிட்டு, ஈயம் இருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு கோப்பை எனக்கு வரவில்லை. மாமா வெளியே போய்க் கொம்பை இறக்கி வைத்துவிட்டு, டிரக் ஜன்னலில் சாய்ந்து அப்பாவிடம் ஏதோ பேசினார், என்னவென்று உன் அப்பா சொல்லவில்லை, திரும்பும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அதற்கு முன், நான் கிளம்பும்போது மாமா வாசலில் என்னை நிறுத்தி, “அடுத்த வருஷத்துலருந்து அவங்கவங்க மானை அவங்கவங்க வீட்டுலயே வெட்டிக்கலாம்மா. உனக்கும் வேல மிச்சம்”னார். பதவிசாகத்தான் சொன்னார். நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ வாங்கிக் கொடுத்த குழலில் ஒரு குறையும் இல்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. சோயா வயல் ஓரம் உட்கார்ந்து, நின்று மேயும் மானைச் சுட அதைவிட நல்லது கிடையாது. மான் ஓட்டுகிற நாளுக்கு அப்பா பழைய குழலையே மாட்டிக்கொள்வார், இனி அவர்கள் அவரை வேட்டைக்குக் கூப்பிட்டால். அடுத்த முறை பேசும்போது நீயாகக் குழலைப் பற்றி எடுக்காதே, அவராகச் சொல்ல நேரம் கொடு. தடித்த கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், அனுப்புகிறேன், ஈரக் காலோடு தூங்காதே. கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். அந்தப் போட்டோவைக் கிழித்துப் போடாதே. பின்னால் எமெட் மாமா சுட்டது என்று எழுதி அங்கேயே ஒட்டி வை. கப்பலில் யாரிடமெல்லாம் காட்டினாயோ அவர்களிடம் மாற்றிச் சொல். பொய் சொன்னது யார் என்று கேட்டால் அப்பா பெயரோடு நிறுத்திவிடாதே, என் பெயரையும் சொல்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா ஆர்லிஸ்