கண்ணாப்பை

ஆவணி 12, சனி.

நாளை பக்கத்து வீட்டில் கல்யாணம். இன்று மாலை அங்கே கறிக்குக் காய் வெட்டினோம். தெருப் பெண்கள் எல்லாரும் அரிவாள்மணையோடு வந்துவிட்டார்கள். சமையல் அப்பாதான். ஏத்தங்காய் உப்பேரி வறுத்து, எண்ணெயிலிருந்து கண்ணாப்பையால் அரித்து எடுத்துக்கொண்டிருந்தார். மகள் தமிழ் டிகிரி முடித்ததைக் காலையிலிருந்தே கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சாந்தி மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, தமிழ் படிச்சவல்லா நீ? உங்க அப்பன் கையில இருக்கதுக்கு ஏன் கண்ணாப்பைன்னு பேரு?"

ஓட்டைகள்தான் கண், அகப்பை பேச்சில் ஆப்பை ஆனது, கண் வைத்த ஆப்பை என்று கத்தரிக்காயைப் பார்த்தபடியே சொன்னேன்.

"இதுக்கா மூணு வருசம் காலேஜுக்குப் போன? செரி, அகப்பைக்கு ஏன் அந்தப் பேருட்டி?"

எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். நிச்சயமில்லாததைச் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது மாமி" என்றேன். பந்தலே சிரித்தது. அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் குனிந்துகொண்டார்.

அவருக்கு இரவு முழுக்க அங்கேதான் வேலை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "ஒண்ணுமே தெரியல்லியா மக்ளே?"

கண்ணாப்பைக்குச் சொன்ன பதிலைத் திரும்பச் சொன்னேன்.

"அப்படியா சொன்ன? எண்ணெய்ச் சத்தத்துல எனக்கு அந்தத் 'தெரியாது' மட்டுந்தான் கேட்டுது."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். நான்தான் விழித்துக் கிடக்கிறேன். தெரிந்ததை வாய்க்குள்ளேயும், தெரியாததைப் பந்தல் முழுக்கக் கேட்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.