டவர் உச்சியில் நீ சுற்றிய டேப்

நேற்று மழை விட்டதும் மாடியில் டிஷ் ஆன்டெனாவின் கனெக்டரைக் கழற்றினேன். செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அந்தக் களிம்பு வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. செத்தவனிடம் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இருக்கிறது. உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ நாகர்கோவில், நான் இந்த ஊர் ஆரியசாலையிலேயே பிறந்த திருநெல்வேலிக் குடும்பத்துக்காரன். மலையாள ஆபீசில் நமக்குள் மட்டும் தமிழ். வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்கு மைக்ரோவேவ் இணைப்பு கொடுக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. ஆன்டெனா டவர் உச்சியில், ரேடியோ கீழே அறையில். நடுவில் எந்த கேபிள் போடுவது என்பதுதான் பேச்சு. மெல்லிய கேபிள் என்றால் உச்சிக்குப் போவதற்குள் சிக்னல் பாதி செத்துவிடும். அது ஆன்டெனாவின் வாய்க்கும் பொருந்தாது, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். அடாப்டர் வைத்தால் தண்ணீர் இறங்க இன்னொரு வழி.

பழவங்காடி டீக்கடையில் வைத்து, "நீ சொல்லுததுதான் சரி மக்கா. தடி கேபிளே கேப்போம். ரெண்டுபேரும் சேந்தே சொல்லுவோம்" என்றாய்.

மறுநாள் மானேஜர் "இத்ர தடி வேணோ?" என்று முகம் சுளித்தார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "வேண்டா சார், நேர்த்தது மதி" என்றாய். மெல்லியதே போதுமாம்! எனக்குத் தமிழில் கொடுத்த வாக்கு அந்த அறைக்குள் வரவில்லை.

கனெக்டரை நான் தரையில் உட்கார்ந்து பொருத்தினேன். டவரில் ஏறி மாட்டி, ரப்பர் டேப் சுற்றியது நீ. டேப்பைக் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்தான் மழை வழிந்து போகும். நீ மேலிருந்து கீழே சுற்றினாய். நான் கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"மழ வருது டே. இது போதும்" என்று இறங்கிவிட்டாய்.

ஐப்பசியில் துலாமழை பிடித்ததும் இணைப்பு செத்தது. அடாப்டரைத் திறந்தால் உள்ளே தண்ணீர். எஸ்டேட்காரர்கள் கொதித்தார்கள். "கனெக்டர் ஆரா இட்டது?" என்று மானேஜர் கேட்டார். நீ என் பெயரைச் சொன்னாய். பொய் இல்லை, பொருத்தியது நான்தான். கேபிளைத் தேர்ந்தெடுத்தது யார், டேப் சுற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

வேலை போயிற்று. பிறகு இந்த ஊரில் ஒருவரும் என்னை டவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. கேபிள் டிவி இழுத்துப் பிழைத்தேன். நீ அந்த மானேஜர் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாய். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாய். கை கழுவும்போதாவது ஏதாவது சொல்வாய் என்று பக்கத்திலேயே நின்றேன். "சாப்பாடு பிரமாதம் மக்கா" என்றாய்.

நீ போன பிறகு துஷ்டி கேட்க உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என்னைக் கண்டதும் அழுதாள்.

"அண்ணே, ஒங்களப் பத்திதான் எப்பவும் சொல்லுவாவ. கனெக்டர் போடணும்னா அவன்தான், அவன் போட்டா ஒரு சொட்டுத் தண்ணி எறங்காதுன்னு."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாய். சோறு போடும் மனைவியிடம் சொன்னதை அந்த அறையில் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதுமே, பாவி. இன்று நற்சான்று என் கையில் இருக்கிறது. இனி யாரிடம் போய்க் காட்ட?