உப்பில்லாத ஒரு மண்டலம்

உன்னைக் கொன்றவர் எங்கள் டாக்டர். ஊற்றிக் கொடுத்தவன் நான்.

இன்று காலை மயிலாப்பூர் டிஸ்பென்சரி ஜன்னலில் ஒருவர் காலிப் புட்டியை நீட்டினார். தக்கையைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோலின் கசப்பு வாசனை. தூக்கத்துக்குக் கொடுக்கிற புரோமைடு மிக்சர். கை அப்படியே நின்றுவிட்டது. அதே ஜன்னலில் தலையை நுழைத்து, "இன்னா கம்பவுண்டர் நைனா, நம்ம சரக்கு ரெடியா கீதா?" என்று கேட்பாய் நீ.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான கோடையில் உனக்குத் தூக்கம் போயிற்று. வசதி உள்ளவர்கள் ரயிலேறினார்கள். அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் நீயும் உன் தங்கையும் மேற்கு மாம்பலத்துச் சந்திலேயே கிடந்தீர்கள். அபாயச் சங்கு ஊதிவிடுமோ என்று பயந்து பயந்தே உனக்குக் கண் மூடவில்லை. டாக்டர் உன் நாடியைப் பிடித்தபடியே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "நரம்புத் தளர்ச்சி. மிக்சர் வாங்கிண்டு போ." அடையாற்றுப் பங்களாக்களில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விசாரிக்கிற அதே மனிதர். பிறகு அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. பழைய நோயாளி புட்டியோடு வந்தால் ஜன்னலிலேயே நிரப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். நிரப்பினேன், வாரா வாரம்.

மூன்று மாதத்தில் முகமெல்லாம் பரு. நாக்குக் குழறியது. "மண்டைக்குள்ள எழுத்துப் பெட்டி கவுந்துட்ச்சி நைனா. எது எந்தக் கட்டத்துல கீதுன்னே தெரில" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊற்றினேன்.

உன் தங்கை பயந்துபோய் வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்: ஒரு மண்டலம் வீட்டில் உப்பில்லாச் சாப்பாடு. "சோத்துல ருசியே இல்லப்பா. உன் மிக்சர்தான் கொஞ்சம் உப்புக் கரிக்குது. அதுக்கோசரமே ஒரு வாய் கூடக் குடிக்கிறேன்" என்றாய். அன்றாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விரதம் முடிவதற்குள், எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்து வருகின்றன என்று அச்சாபீசில் அலறினாய். உன்னை டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் டாக்டர். "செவ்வா" என்றாய். அன்று வெள்ளி. அந்த ஒரே கேள்விதான். பைத்தியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

நானும் கூட வந்தேன். அங்கே ஓர் இளம் டாக்டர் உன் பருக்களை வெகுநேரம் பார்த்தார். "இவர் என்ன மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்?" சொன்னேன். "சாப்பாடு?" சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடம்பில் உப்புக் குறைந்தால் புரோமைடு வெளியேறாமல் தேங்கி மூளையைக் கலக்கிவிடுமாம். "இது பைத்தியம் இல்லப்பா. விஷம்."

உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். ஆனால் அதற்குள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

இப்போது உன் தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பைத்தியக்கார வீடு என்று யாரோ ஓதிவிட்டார்கள். அந்தச் சீட்டை எழுதிய டாக்டரே மறுத்து எழுதிக் கொடுத்தால் சம்மதம், ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்போம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். உண்மை தெரிந்த இளம் டாக்டரோ யுத்தத்துக்குப் போய்விட்டார்.

நேற்று அவள் கேட்டாள்: "நான் உப்புப் போடாததாலயா அண்ணே?"

"இல்லம்மா, மருந்துதான்" என்றேன். பாதி உண்மை. மீதியை நான் சுமக்கிறேன். ஜன்னலில் யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறீர்கள், வேறென்ன மருந்து என்று கேட்காமல் இப்போது நான் ஊற்றுவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

இன்று மத்தியானம் டாக்டர் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றேன். வெள்ளைத் தாளை நீட்டினேன்.

"என்னடா இது?"

"பைத்தியம்னு நீங்கதான் சார் எழுதினீங்க. இல்லைன்னும் நீங்கதான் எழுதணும்."

"வேலை வேண்டாமா நோக்கு?"

"வேண்டாம் சார். அவன் மூளையைக் கெடுத்தது நம்ம மிக்சர். அதை மட்டும் எழுதுங்க."

அவர் தெருவைப் பார்த்தார். கார் டிரைவர் கதவைத் திறந்துவிட்டான்.

"எழுதுங்க சார்."