உப்புக்கோளுக்கு ஒரு பிழைதிருத்தம்

சின்னாளபட்டி
4.8.2025

அன்புள்ள ஏஞ்சலினுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, உன் புத்தகத்தின் பின்னட்டைப் படத்திலேயே தெரிகிறது. உன் வீட்டுக்காரர் பார்ப்பார் என்று என் எண்ணை நீ தடுத்து வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால்தான் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

'உப்புக்கோள்' வாங்கிப் படித்தேன். கல்லூரியில் மூன்று வருஷம், ஒரே நோட்டில், ஒற்றைப்படை அத்தியாயம் நீ, இரட்டைப்படை நான் என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கைமாற்றி எழுதிய கதை. அட்டையில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நட்சத்திரம் பார்த்து வழி சொல்லும் உன் தாரகையை அப்படியே விட்டுவிட்டு, விண்கலம் ஓட்டுகிற, அவள் காதலித்த என் செம்பாவை ஏனடி செம்பன் ஆக்கினாய்?

ஆக்கியதையாவது ஒழுங்காகச் செய்தாயா? நான்காம் அத்தியாயத்தில் உன் செம்பன் கொண்டை ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு கலத்தை உப்புத் தரையில் இறக்குகிறான். அந்தப் பழக்கம் யாருடையது? என் வாயிலிருந்து அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தவள் நீதானே.

நோட்டின் முதல் பக்கத்தில் விதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவரவர் ஆளை அவரவர்தான் கொல்லலாம். நீ என்னைக் கேட்காமலே கொன்றுவிட்டாய்.

இப்படிக்கு,
பாண்டிச்செல்வி


திண்டுக்கல்
19.8.2025

அன்புச் செல்விக்கு,

இறைவன் அருளால் எல்லாரும் நலம். உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன்.

நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார். இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிற கதையை எழுதினேன் என்றால் இந்தப் பள்ளியில் எனக்கு நாற்காலி இருக்குமா? என் வீட்டுக்காரர் பிராங்கிளின் நல்லவர். அவருக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். உன் பெயரைச் சேர்த்துப் போட்டிருந்தால் வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்திருக்கும். கதை பெட்டிக்குள் செத்துவிடக் கூடாது என்றுதான் செம்பாவுக்கு வேட்டி கட்டினேன்.

இரண்டாம் பதிப்பு வருகிறது. அக்டோபரில் புத்தகத் திருவிழாவில் வெளியீடு. உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால் பதிப்பாளரிடம் பேசி, நீ பக்கம் வடிவமைக்கிற அச்சகத்துக்கே வேலையைத் தரச் சொல்லிவிட்டேன். அந்தக் கொண்டை ஊசியை நீயே எடுத்துவிடு. உன்னைவிட யாரை நம்புவேன்? நான் அப்போதே எடுத்து வைத்த நகலை வைத்துத்தான் எழுதினேன்; உன்னிடம் இருக்கிற நோட்டை மட்டும் கொளுத்திவிடு தங்கமே. விழாவுக்கு வராதே.

உன்,
ஏஞ்சல்


சின்னாளபட்டி
13.10.2025

அன்புள்ள ஏஞ்சலினுக்கு,

விழாவுக்கு வந்திருந்தேன். கடைசி வரிசை. பொன்னாடை உனக்கு நன்றாக இருந்தது.

கொண்டை ஊசியை நான் எடுக்கவில்லை. நீ சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கடைசியில் வெறுமையாக இருந்த பக்கத்தில் மட்டும் ஒன்று சேர்த்தேன். முதலாளி மதியழகன் அண்ணனிடம் சொன்னேன். "பிழைதிருத்தம் இல்லாத புஸ்தகம் ஏது, போடு தாயி" என்றார். இன்னும் நீ பார்த்திருக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்:

'பிழைதிருத்தம்: இந்நூலில் செம்பன் என்று வரும் இடமெல்லாம் செம்பா என்று படிக்கவும். அவள் பெண். அட்டையில் விடுபட்ட ஆசிரியர் பெயர்: பாண்டிச்செல்வி.'

ஐந்நூறு பிரதி. குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பிள்ளை, ஹரிணி என்று பெயர், முதல் பதிப்பைப் படித்தவளாம், கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாண்டிச்செல்வி யார் என்று விசாரித்து என்னிடம் வந்தாள். "அக்கா, நான் மொதவே நெனச்சேன். ஆம்பளைக்கு எதுக்குக் கொண்டை ஊசி?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று தனக்கு, ஒன்று தன் சிநேகிதிக்கு என்று இரண்டு வாங்கிப்போனாள்.

நீ மேடையில் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பாண்டிச்செல்வி


தாடிக்கொம்பு
20.10.2025

செல்வி,

பிராங்கிளின் கணக்கு வாத்தியார். திருத்தம் என்று எழுதியிருந்தால் திருத்தாமல் விட மாட்டார். நேற்றுக் காலைப் பூசை முடிந்து வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு செம்பனையும் அடித்து, மேலே செம்பா என்று எழுதிக்கொண்டே போனார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டு நிலாவுக்குக் கீழே கல்யாணம் நடக்கிற பன்னிரண்டாம் அத்தியாயத்தை முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தாரகை நீதான?" என்றார்.

ஆமாம் என்றேன். எனக்குப் பொய் வரவில்லை. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன்.

உன் பழி தீர்ந்ததா? நான் செய்தது திருட்டுத்தான். பயத்தில் செய்தேன், ஆனாலும் திருட்டுத்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோட்டை நீ கொளுத்தியிருக்க மாட்டாய். பதின்மூன்றாம் அத்தியாயம் என் முறை. நோட்டைக் கொடு, எழுதித் தருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறேன். உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

ஏஞ்சல்


சின்னாளபட்டி
27.10.2025

ஏஞ்சலினுக்கு,

உன் அழைப்பு ஏழு முறை வந்தது. எட்டாவது வராது. எண்ணைத் தடுக்க எனக்கும் தெரியும்.

நோட்டு இருக்கிறது. உன் முறைக்காக ஒன்பது வருஷம் அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே வைத்திருந்தேன். போன வாரம் நானே எழுதிவிட்டேன். செம்பா பல்லில் ஊசியோடு கலத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். தாரகை உப்புத் தரையில் நிற்கிறாள். வழியெல்லாம் அவளுக்குத் தெரியும், போவதற்குத்தான் கலம் இல்லை.

உயிரோடுதான் இருக்கிறாள். விதியை நான் மீறவில்லை.

பாண்டிச்செல்வி