எட்டு நாளில் பூசிய சுவர்

பழைய ஆஸ்பத்திரி வாசலில் இப்போது நான்கு பீப்பாய்கள் நிற்கின்றன. உள்ளே கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். இதை ஊற்றித்தான் சுண்ணாம்புக் கலவை குழைக்கிறார்கள். இன்று காலை ஒரு மூடியைத் திறந்ததும், காலமெல்லாம் மருந்து நெடியில் பழகிய என் மூக்கே சற்றுப் பின்வாங்கியது. நீ இருந்திருந்தால், "இன்னா கம்பவுண்டரு, உன் இருமல் மருந்துக்கு இது தேவலாம்டா" என்றிருப்பாய். தேவலாம்தான்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியைப் பழுதுபார்க்கும் வேலை ஆடியில் தொடங்கியது. ஊர்க்காரர்களே குழு சேர்த்து இறங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் தெருக்காரர்கள் செங்கல் சுமக்கிறார்கள். மற்ற நாளில் ஏரிக்கரைத் தெருப் பெண்கள் மணல் சலிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் கட்டிய இந்தக் கட்டடத்தில்தான் ஊரில் பாதிப் பேர் பிறந்தோம். நீயும் நானும்கூட ஒரே அறையில், ஒரு வார இடைவெளியில். இதை நீ கல்யாண வீடுகளில் எல்லாரிடமும் சொல்லி, உனக்கு நான் சின்னவன் என்று நிறுவுவாய்.

வேலையில் முதலில் செய்ய வேண்டியிருந்தது, நீ பூசிய பூச்சை உடைப்பது. அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மெயின் ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வந்து, நான் மருந்து அலமாரியோடு அங்கே போனபின் இது பூட்டியே கிடந்தது. ஒரு நாள் சேதி வந்தது. எட்டு நாளில் பொறியாளர் பார்க்க வருகிறார், சுவர் பலமில்லை என்று எழுதினால் இடித்துவிடுவார்கள். நான் நேரே உன் வீட்டுக்கு வந்தேன். ஊரில் வேறு யார் மேஸ்திரி? நீ சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நடுவிரலை மடக்கி, சுவரை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனாய். எந்தச் சுவரையும் நீ விட்டதில்லை. என் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்க, நீ ஹால் சுவரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். அன்று அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஆஸ்பத்திரிச் சுவரைத் தட்டி முடித்துவிட்டுச் சொன்னாய்: "இது சுண்ணாம்புச் செவுருடா. சிமென்ட் பூசனா உள்ள ஈரம் வெளிய வர வழி இல்லாம பூடும். ரெண்டு மாசம் குடு, சுண்ணாம்புலயே பூசித் தரேன்."

"எட்டு நாள்தான்பா இருக்கு."

"அப்ப என்னால ஆவாது."

"மொதல்ல இடிக்காம நிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு நீ வீட்டுக்குப் போனாய். மறுநாள் காலை உன் ஆட்களோடும் சிமென்ட் மூட்டைகளோடும் வந்துவிட்டாய். எட்டாம் நாள் பொறியாளர் சுவரில் கை வைத்துப் பார்த்து, பலமாக இருக்கிறது என்று எழுதிப் போனார். ஊர் உனக்குச் சால்வை போர்த்தியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

நான் சொன்ன அந்த 'அப்புறம்' வரவில்லை. மூன்றாம் வருஷ மழைக்கு ஏரி நிரம்பியதும் சுவரடியில் ஏறிய ஈரம் உன் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் கோயிலிலிருந்து திரும்பும்போது நீ பழக்கத்தில் அந்தச் சுவரைத் தட்டினாய். காலி டின்னைத் தட்டியது போல் கேட்டது. எனக்கும் கேட்டது. நீ கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "வா, டீ சாப்டலாம்" என்றாய். அதற்குப் பிறகு நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது சுண்ணாம்பு வேலைக்கு வெளியூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்திருக்கிறார். முதல் நாள் உன் பூச்சில் ஒரு சில்லைப் பெயர்த்தார். பின்னாலிருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. "தொழில் தெரியாத ஆள் பூசியிருக்காரு" என்றார். குழுவில் ஒருவர் உன் பெயரைச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேதி உன் வீட்டுக்கு எட்டிவிட்டது. மறுநாள் உன் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. "அவரு பூசன செவுரு. அவரு இன்னா தப்பு பண்ணாருன்னு சொல்லிட்டு ஒடைங்க" என்றாள். ஈரத்தைப் பற்றியும் செங்கல்லைப் பற்றியும் மேஸ்திரி விளக்கினார். கேட்டுக்கொண்டாள், எழவில்லை. மூன்று நாள் வேலை நின்றது. ஆடி முடியப் போகிறது, ஐப்பசி மழைக்குள் பூச்சு ஏறிக் காயாவிட்டால் இந்த வருஷம் சுவர் தாங்காது என்று மேஸ்திரி கையைப் பிசைந்தார். "கம்பவுண்டரு சார், நீங்க சொன்னா கேப்பாங்க" என்று எல்லாரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

போனேன். குழு முழுக்கச் சுற்றி நின்றது.

"தங்கச்சி, அவன் சிமென்ட் வேணான்னுதான் சொன்னான். நான்தான் பூசச் சொன்னேன்."

அவ்வளவுதான், சொல்ல ஐந்து நொடி ஆகியிருக்காது.  மேஸ்திரி என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி வெட்கப்படுவோம் என்று நினைத்ததில்லை.

உன் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்ணா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. நீங்க சொல்றீங்களான்னுதான் ஒக்காந்துனு இருந்தேன்" என்றாள். எழுந்தாள், நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள், மேஸ்திரியிடம் "ஒடைப்பா" என்றாள்.

உடைக்க நான்கு நாள் ஆனது. உன் கலவை கெட்டி. ஆட்கள் திட்டிக்கொண்டே உடைத்தார்கள். தொழில் தெரியாதவன் என்று மட்டும் அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

உன்னைப் பற்றி நினைத்தால் எனக்கு வருத்தத்தைவிட விரல்தான் முதலில் மடங்குகிறது. வங்கியில், பேரன் பள்ளியில், எங்கே நின்றாலும் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்று பாதிதான் தெரியும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன். வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.

நேற்று கிழக்குச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு முடிந்தது. நான் விரலை மடக்கிக்கொண்டு கிட்டே போனேன். மேஸ்திரி கையைப் பிடித்துவிட்டார்.

"இப்ப தட்டக் கூடாது சார். நல்லா இறுகட்டும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"ரெண்டு மாசம் குடுங்க" என்றார்.

கொடுத்திருக்கிறோம்.